இறக்கைக்கு வெளியே

ஊசி வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அடுப்படித் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அக்கா ஏர்பிரஷ்ஷை இடது கையில் இறுக்கிப் பிடித்து, அதன் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஊசியைக் குறடால் கவ்வி இழுத்தாள். காற்றோடு பெயின்ட்டைத் தூவும் அந்தச் சாமான் ஒரு சிறிய பேனா அளவுதான் இருக்கும். அதற்குள் நேற்று ஊற்றிய பெயின்ட் காய்ந்து இறுகிப்போயிருந்தது.

"என்னாச்சு?" உள்ளறைக் கட்டிலிலிருந்து தம்பியின் குரல் வந்தது. குரல் என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் மூச்சுதான்.

"ஒண்ணும் ஆகல. கழுவிட்டிருக்கேன்."

"நேத்தே கழுவச் சொன்னேன்ல?"

நேற்று அவனுக்கு இருமல் நிற்காமல் வந்தது. போர்வை மாற்றி, வாய் துடைத்து, முதுகைத் தடவி உட்கார்ந்திருந்தவளுக்கு ஏர்பிரஷ் கழுவ எங்கே கை இருந்தது? அந்தக் கோபத்தையும் சேர்த்து ஒரு இழு இழுத்தாள். ஊசி சட்டென்று விடுபட்டு, குறடோடு போய்க் குழாயில் இடித்தது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நுனி கொக்கிபோல லேசாக வளைந்திருந்தது.

உள்ளிருந்து, "வளைச்சுட்டியா?" என்றான்.

"எப்படிடா தெரியும் உனக்கு?"

"திட்டாம இருக்கியே."

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன் அவன். ஏணி ஏறிப்போய் அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான். கூட வேலை பார்த்தவர்கள் அவனை மேல்வீட்டுக்காரன் என்றே கூப்பிட்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பால்கனியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் விமானங்கள் ஒட்டுவான், சாயம் அடிப்பான். மனைவி விட்டுப்போன பிறகு அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டான். அக்காவின் கணவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். ஆளுக்கொரு அறை, நடுவில் ஒரு டிவி. பெரிய பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. "சாப்பிட்டியா?", "கம்ப்ரஸரை நிறுத்துடா, தலை வலிக்குது" என்ற இரண்டு வாக்கியங்களில் அவர்கள் வாழ்க்கை நன்றாகவே ஓடியது.

இப்போது நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வந்ததும் அவன் முதலில் கேட்டது பாதியில் நின்ற விமானத்தை. தண்ணீரில் இறங்குகிற வகை. சக்கரத்துக்குப் பதிலாகப் படகுபோல இரண்டு மிதவைகள். அடிப்பக்கம் சாம்பல் அடித்து முடித்திருந்தான். மேலே நீலம் அடிக்கவேண்டும். பழைய ஏர்பிரஷ்ஷை எடுத்தவன் கை நடுங்கிக் கீழே போட்டதில் அதன் வாய் பிளந்துவிட்டது.

"புதுசு வாங்கிட்டு வா," என்றான்.

கடைக்குப் போனபோதே அவளுக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே மாதிரி வெள்ளி வெள்ளியாகப் படுத்திருந்தன. கிண்ணம் மேலே இருக்கிறதா, குப்பி கீழே தொங்குகிறதா, வாய் எவ்வளவு நுணுக்கம், ஒரே அமுக்கில் வேலை செய்வதா, அமுக்கிப் பின்னால் இழுப்பதா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே போனார்.

"தம்பிக்குங்க. அவனுக்குக் கை கொஞ்சம் நடுங்கும்," என்றாள்.

"அப்ப இதை எடுத்துக்குங்க. அமுக்கினா காத்தும் பெயின்ட்டும் சேர்ந்தே வந்துரும். எவ்வளவு வரணும்னு பின்னாடி இருக்கற திருகுல வச்சுக்கலாம். விரலுக்கு வேலையே இல்ல."

அது நியாயமாகப்பட்டு வாங்கிவந்தாள். தம்பி பெட்டியைத் திறந்து பார்த்து மூடினான்.

"யாரு இதைக் குடுத்தது?"

"கடைக்காரர்தான். கை நடுங்கறவங்களுக்கு..."

"என் கையைப் பத்தி கடைக்காரன்கிட்ட எதுக்குச் சொன்ன?"

மறுபடி பஸ் பிடித்துப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். மேலே கிண்ணம் வைத்தது, அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். ஆனால் அதைப் பிடிப்பதற்குள் அவன் கை முழுவதுமாகக் கைவிட்டிருந்தது. தண்ணீர் டம்ளரையே அவள்தான் பிடிக்கவேண்டியிருந்தது. ஆகையால் அடிக்கவேண்டியவளும் அவளே என்று ஆயிற்று. ஒரு ஓட்டல் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவள்; பிரஷ் என்று அவள் பிடித்தது காலர் தேய்க்கிற பிரஷ் ஒன்றுதான். "அந்த முதல்ல வாங்கினதே எனக்கு ஒத்துவந்திருக்கும்டா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் விழாதவன்போலச் சுவரைப் பார்த்தான்.

ஊசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் கை நீட்டி வாங்கி, கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து நிமிர்த்தப் பார்த்தான். ஊசி நகத்தில் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் போயிற்று. கொஞ்சநேரம் முயன்றுவிட்டு அவளிடமே நீட்டினான்.

"தட்டுமேல படுக்கவச்சு உருட்டு. நகத்தால நுனியை மெதுவா அமுக்கிக்கிட்டே உருட்டு. அவசரப்படாத."

எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து உருட்டினாள். நிமிர்ந்த மாதிரிதான் இருந்தது.

அப்போது நர்ஸ் வந்தாள். தினமும் காலையில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிற பெண். நாடி பார்த்தாள், போர்வையை விலக்கிப் பாதங்களைத் தொட்டாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகநேரம் தொட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது வாசல்வரை வந்த அக்காவிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"கால் ஜில்லுனு ஆயிருச்சும்மா. மூச்சும் விட்டு விட்டு வருது. இன்னைக்கு வெளிய எங்கயும் போகாதீங்க. கூடவே இருங்க."

"கூடத்தானேம்மா இருக்கேன்."

"பக்கத்துலன்னு சொல்றேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். அப்படியெல்லாம் செய்து பழக்கமில்லை.

"எதுக்கு உக்காந்துட்ட?" என்றான் அவன். "போய் அடி. வெயில் இருக்கறப்பதான் சீக்கிரம் காயும்."

"அப்புறம் அடிக்கலாம்டா."

"எப்ப அப்புறம்?"

எழுந்து போனாள்.

அவனறை ஜன்னல் பால்கனியைப் பார்த்தது. ஜன்னலுக்கு அந்தப்பக்கம், சுவரை ஒட்டினாற்போல அவனுடைய மேஜை. அதன்முன் ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னலின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் நேரே கட்டில். அவன் இந்தப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தான்.

"பால் மாதிரி கலக்கு," என்றான்.

"எந்தப் பால்? நம்ம வீட்டுப் பாலா, உங்க துறைமுகக் கேன்டீன் பாலா?"

அவன் சிரிக்கப்போய் இருமலில் முடிந்தது. அவள் பாதி எழுந்தாள். அவன் கையாட்டி உட்காரச் சொன்னான்.

நீலத்தில் தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக் கிண்ணத்தில் ஊற்றினாள். கம்ப்ரஸரைப் போட்டதும் அது வழக்கம்போலத் தடதடத்து, காற்று நிரம்பியதும் நின்றது.

"முதல்ல பேப்பர்ல. காத்தை விடு, அப்புறம் இழு. நிறுத்தறப்ப பெயின்ட்டை முதல்ல நிறுத்து, காத்தைக் கடைசியா. மாத்திப் பண்ணினா துப்பும்."

மாற்றித்தான் பண்ணினாள். துப்பியது. செய்தித்தாளில் நீலப் பொட்டுகள் தெறித்தன. மறுபடி. மறுபடி. ஆள்காட்டி விரல் ஒரே நேரத்தில் கீழேயும் பின்னாலேயும் போகவேண்டியிருந்தது. அவள் விரலோ இரண்டில் ஒன்றைத்தான் செய்வேன் என்றது. நடுவில் ஏதோ அடைத்து வெறும் காற்று மட்டும் வந்தது. நுனியைத் துணியால் துடைத்தாள். வந்தது. திரும்ப அடைத்தது.

"விமானத்துல அடி இப்ப."

"இன்னும் சரியா வரலடா."

"வராது. அடி."

விமானத்தைப் பிடியில் மாட்டி இறக்கைமேல் அடித்தாள். முதலில் அழகாகப் புகைபோல விழுந்தது. நன்றாக வருகிறதே என்று அங்கேயே கொஞ்சம் நிறுத்தினாள். ஈரம் குளமாகத் தேங்கி, காற்று அதை உதைத்து, சிலந்திக் கால்கள் மாதிரி நாலாபக்கமும் நீலக் கோடுகள் ஓடின.

"கிட்டப் பிடிச்சுட்ட," என்றான் உள்ளிருந்து. "சிலந்தி விட்டுருக்குமே."

"ஆமாம், விட்டுருச்சு."

"துடைச்சிட்டுத் திரும்ப அடி. இறக்கைக்கு வெளியில ஆரம்பி. வெளியிலயே முடி. மேல நிக்காத."

துடைத்தாள். சாம்பலும் சேர்ந்து கொஞ்சம் வந்துவிட்டது. திரும்ப அடித்தாள். திரும்பச் சிலந்தி. இந்தமுறை மிதவைமேலும் வழிந்தது. வாயிலெல்லாம் தின்னர் கசந்தது. ஒரு ஜாண் பொம்மை. உள்ளே ஒருவன் போய்க்கொண்டிருக்கிறான், அவள் பொம்மைக்கு நீலம் அடித்துக்கொண்டிருக்கிறாள். துணியை மேஜைமேல் விட்டெறிந்தாள்.

"என்னால முடியாதுடா! யாருக்குடா இது? யார் பாக்கப்போறா?"

அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"இந்தக் கருமத்தை மாஸ்க் இல்லாம அடிச்சு அடிச்சுத்தான் நீ இப்படிப் படுத்துக் கெடக்க. தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

அப்படித்தான் என்று சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம், துறைமுகத் தூசியே போதும் என்றார். அவளுக்கு அது தெரியும். இருந்தாலும் வாயைவிட்டு வந்துவிட்டது. அவன் வியாதிக்காரனாக ஆன நாளிலிருந்து நாக்கின் நுனியிலேயே வைத்துக்கொண்டிருந்தது.

கம்ப்ரஸர் ஒருமுறை தடதடத்து ஓய்ந்தது.

"நீ போட்டுக்க," என்றான் தம்பி.

"என்னது?"

"மாஸ்க். டிராயர்ல இருக்கு. மூக்கு வரைக்கும் இழுத்துப் போட்டுக்க."

டிராயரைத் திறந்தாள். பிரிக்காத உறையில் புத்தம் புதிதாக இருந்தது. அவள் எப்போதோ வாங்கிக்கொடுத்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்து மாட்டினாள். மூக்கை அமுக்கியது. நாற்றம் உள்ளே போகுமே என்று ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். நாற்றத்துக்காகத்தான் சாத்தினாளா என்று கேட்டால் அவளால் உறுதியாகச் சொல்ல முடிந்திருக்காது.

கண்ணாடிக்கு அப்பால் அவன் உதடு அசைந்தது. ஏதோ சொன்னான். கேட்கவில்லை. அவள் விரலை ஆட்டி, 'அப்புறம்' என்று காட்டினாள்.

இறக்கையை மறுபடி துடைத்து, காயவிட்டு, எடுத்தாள். வெளியில் ஆரம்பி, வெளியில் முடி. சட்டென்று அவளுக்கு வேலையிடம் நினைவுக்கு வந்தது. புதிதாகச் சேருகிற பெண்களிடம் அவள் கத்துகிற கத்தல்: இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல வச்சுட்டு யோசிக்காதே, போறப்பவே வை, போறப்பவே எடு. அடச்சே, இவ்வளவுதானா! இதை இவன் இந்த மாதிரிச் சொல்லியிருக்கக் கூடாதா? கையை விமானத்துக்கு அப்பால் காற்றில் தொடங்கி, நகரும்போதே விரலைப் பின்னால் இழுத்து, இறக்கையைக் கடந்து, அந்தப்பக்கம் காற்றில் விட்டாள். ஒரு மெல்லிய நீலப் படலம் விழுந்தது. அதன்மேல் இன்னொன்று. வழியவில்லை, துப்பவில்லை. விளிம்பில் நீலம் எங்கே முடிந்து சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். இடது இறக்கை, உடம்பு, வலது இறக்கை, வால். எவ்வளவு நேரம் ஆயிற்றோ. அந்த நேரம் முழுக்க அவளுக்கு யாரும் நினைவில் இல்லை. நர்ஸ் சொன்னது நினைவில் இல்லை.

நிமிர்ந்து பார்த்தபோது தம்பி அப்படியே இந்தப்பக்கம் பார்த்தபடி படுத்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. தூங்கும்போதும் அவனுக்குக் கண் முழுதாக மூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தூங்கட்டும் என்று நினைத்தாள். கழுவாமல் போனால் திட்டுவான். கிண்ணத்தைத் துடைத்து, தின்னர் விட்டு, நிறமில்லாமல் வரும்வரை காற்றில் விட்டு, ஊசியைக் கழற்றித் துடைத்து, இந்தமுறை நுனியைப் பார்த்துப் பத்திரமாக உள்ளே செருகினாள். எல்லாம் முறையாகச் செய்தாள். பிறகு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, "டேய், வந்துருச்சுடா," என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போனாள்.

மறுபடி கூப்பிட்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள்.

வீட்டில் நாற்காலிகள் நிறைந்தன. சித்தி வந்தாள், சித்தப்பா மகன் வந்தான். அவன் வந்தவுடன் பொறுப்பை எடுத்துக்கொண்டான். போனில் யாரையோ அதட்டினான், வண்டிக்குச் சொன்னான், ஜன்னல்களையெல்லாம் திறந்தான். "என்னக்கா இது, வீடெல்லாம் பெயின்ட் நாத்தம்," என்றான்.

சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "கடைசியா என்னம்மா சொன்னான்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"ஒரு வார்த்தைகூடவா? பக்கத்துலதான இருந்த?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

அடுத்து வந்தவளும் அதையே கேட்டாள். அதற்கடுத்தவளும் கேட்டாள். கடைசி வார்த்தை இல்லாமல் ஒருவன் போனால் வந்தவர்களுக்கு எதையோ கொடுக்காமல் அனுப்புகிற மாதிரி இருந்தது. மூக்குவரை இழுத்துப் போட்டுக்கொள் என்றான் என்று சொல்லலாம். ஆனால் அது கடைசி இல்லையே. அதற்கப்புறம் ஒன்று சொன்னானே. என்ன? தண்ணீரா? வலிக்கிறது என்றானா? தூரமாகப் பிடி என்றானா? அவள் அந்த உதட்டசைவைத் திரும்பத் திரும்ப மனசில் ஓட்டிப் பார்த்தாள். எதைச் சொல்லிப் பார்த்தாலும் பொருந்துவதுபோல இருந்தது.

எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருந்த ஒரு நேரத்தில் பால்கனியில் கம்ப்ரஸர் தானாகத் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. சித்தி நெஞ்சில் கைவைத்தாள். சித்தப்பா மகன் துள்ளி எழுந்தான்.

"என்னக்கா அது?"

"காத்து கொறைஞ்சா தானா ஓடும். நிறுத்த மறந்துட்டேன்."

"இந்தச் சனியனை முதல்ல தூக்கிப் போடணும்," என்று போய் சுவிட்சை அணைத்தான். அவன் திரும்பி வரும்போது கையில் விமானம் இருந்தது. "இதை அவன்கூடவே வச்சுரலாமாக்கா? ஆசையா பண்ணினானே."

"அவன் பண்ணல. நான் அடிச்சது," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "இன்னும் காயல. விரல் பட்டுருச்சு பாரு. எடுத்த எடத்துல வை."

அவன் மற்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொண்டுபோய் வைத்தான். பாவம், அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

வண்டி வந்தது. எல்லாம் நடந்து முடிந்தது. நடந்ததில் பாதி அவளுக்கு மனசில் ஏறவில்லை. திரும்பி வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். சித்தி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கைகாட்டி என்கிறவர் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

துறைமுகத்தில் தம்பியோடு வேலை செய்தவர். கீழே கப்பல் தளத்தில் நின்றுகொண்டு, மேலே இருக்கிறவனுக்குக் கையால் சைகை காட்டுவது அவர் வேலை. அந்தப் பெயர் அதனால் வந்தது. பெரிய உடம்பு. வந்ததிலிருந்து யாரிடமும் பேசாமல் இருந்தார்.

"நீங்கதான் ஒண்ணும் கேக்கல," என்றாள் அக்கா.

"என்ன கேக்கறதுக்கா?"

"கடைசியா என்ன சொன்னான்னு."

அவர் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "நாங்க எங்க பேசினோம்? அவன் மேல, நான் கீழ. கப்பல் சத்தத்துல வாக்கி-டாக்கியெல்லாம் ஒண்ணும் கேக்காது. எல்லாம் கைதான். வேலை முடிஞ்சு கேன்டீன்ல உக்காந்தாலும் பேச்சு வராது ரெண்டு பேருக்கும்."

"நானும் கடைசியா கைதான் காட்டினேன்."

அவர் நிமிர்ந்தார்.

"ஏதோ சொல்ல வந்தான். ஜன்னல் சாத்தியிருந்துச்சு. அப்புறம்னு காட்டினேன்." விரலை ஆட்டிக் காட்டினாள். காட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். நகக்கண்ணில் நீலம் இருந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தாள். 'அதனாலென்ன' என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பாள். சித்தி டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தார்கள்.

"பிளேனைப் பாக்கலாமா?" என்றார் அவர்.

"பால்கனியில இருக்கு."

அவர் எழுந்து போனார். அவள் தம்பியின் அறைக்குள் போனாள். போர்வை, தலையணையுறையெல்லாம் உருவி எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் மெத்தையில் உட்கார்ந்தாள். பார்த்தானா, இல்லையா? இறக்கையில் நீலம் பிடித்ததை அவன் பார்த்துவிட்டுத்தான் போனானா? இதைக்கூட அவளுக்குத் தெரியவிடாமல் போயிருக்கிறான், அழுத்தக்காரன். காலை நீட்டி, அவன் படுத்திருந்த மாதிரியே ஜன்னல் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள்.

மேஜை தெரியவில்லை.

தலையைக் கொஞ்சம் உயர்த்தினாள். அவனால் அவ்வளவுகூட உயர்த்தியிருக்க முடியாது. அப்போதும் தெரியவில்லை. ஜன்னல் திண்டு மறைத்தது. மேஜை, கிண்ணம், விமானம், எதுவுமே கட்டிலிலிருந்து பார்த்தால் இல்லை.

அந்தப்பக்கம் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. காலையில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கைகாட்டி உட்கார்ந்தார். கண்ணாடியின் நடுவில் அவர் முகமும் தோளும் மட்டும் வந்து நின்றன, பின்னால் வானம். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நினைப்பில், குனிந்து, புருவத்தைச் சுருக்கி, கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு எதையோ கையில் எடுத்தார். திருப்பினார். கன்னம் உப்ப, மெதுவாக, அதன்மேல் ஊதினார்.

அவள் அசையாமல் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.